அந்த கேமை நீக்கியது கலை இல்லை என்பதாலா?

“உண்மைத் துயரத்தை வைத்து உருவாக்கும் வீடியோ கேம் கலையாகாது. 2007இல் அமெரிக்காவின் ஸ்லாம்டான்ஸ் திரைப்பட விழாவே கொலம்பைன் கேமை அப்படிச் சொல்லித்தான் நிராகரித்தது” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. பாதி உண்மை, அதனால்தான் எளிதில் நம்பிவிடுகிறோம்.

1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டை வைத்து 2005இல் வெளியான கேம் அது. கொலையாளிகளின் இடத்தில் நின்று ஆட வேண்டும். பலருக்கு வயிற்றைப் புரட்டியதில் வியப்பில்லை. ஆனால் ஸ்லாம்டான்ஸ் அதை நிராகரிக்கவில்லை, தன் கேம் போட்டியின் இறுதிச் சுற்றுக்கே தேர்ந்தெடுத்தது. பிறகு விழா நிர்வாகம் தலையிட்டு விலக்கியது. அதை எதிர்த்துச் சக போட்டியாளர்கள் பலர் தங்கள் கேம்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இந்தப் பாதியைத்தான் யாரும் பகிர்வதில்லை!

சரி, சட்டம்? 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், புத்தகம், நாடகம், திரைப்படம் போல வீடியோ கேமுக்கும் கருத்துரிமைப் பாதுகாப்பு உண்டு என்றது. 1990களின் போஸ்னியப் போரில் நடந்த சரயேவோ நகர முற்றுகையின் தாக்கத்தில் உருவான ‘திஸ் வார் ஆஃப் மைன்’ கேமைப் பள்ளிப் பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாகப் போலந்து அரசு 2020இல் அறிவித்தது.

கொலம்பைன் கேம் நல்ல கலையா? என் கணக்கில் இல்லை. அது வேறு கேள்வி.