கோஸ்த்ரமா தீயணைப்புக் கோபுரம் கோயில் மணிக்கூண்டு அல்ல

மேலே ஒருவர், ரஷ்யாவின் கோஸ்த்ரமா நகரிலுள்ள கோபுரம் முதலில் தேவாலய மணிக்கூண்டாக இருந்தது, சோவியத் காலத்தில்தான் தீயணைப்பு நிலையமாக்கினார்கள் என்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள்.

அப்படித் தோன்றுவது இயல்புதான். முகப்பில் ஆறு தூண்கள், மேலே முக்கோண முகடு. பார்த்தால் பழைய கிரேக்கக் கோயில் போலவே இருக்கும். சோவியத் ஆட்சியில் பல தேவாலயங்கள் கிடங்குகளாக மாறியதும் உண்மை. ஆனால் இந்தக் கட்டடம் தொடக்கத்திலிருந்தே தீயைக் கண்காணிக்கக் கட்டப்பட்டது. 1820-களின் நடுவில், ஆளுநர் பௌம்கார்த்தன் காலத்தில், கட்டடக் கலைஞர் பியோத்தர் ஃபூர்சொவ் இதை வடிவமைத்தார். 1773-இல் பெருந்தீயில் வெந்துபோன நகரம் அது. உச்சியில் ஒரு காவலர் நின்று ஊரையே பார்த்துக்கொண்டிருப்பார், கீழே தீயணைப்பு வீரர்களும் குதிரைகளும் தண்ணீர்ப் பீப்பாய்களும் தயாராக இருக்கும். அந்தத் தூண்கள் அக்காலச் செவ்வியல் பாணி, அவ்வளவுதான். பக்கத்திலேயே அதே ஃபூர்சொவ் கட்டிய இராணுவக் காவல் நிலையத்திலும் தூண்கள் உண்டு, அதை யாரும் கோயில் என்பதில்லை.

நீங்களே சரிபார்க்கலாம். ரஷ்ய விக்கிப்பீடியாவில் கோஸ்த்ரமாவின் 'பஜார்னயா கலன்சா' கட்டுரையைத் திறந்து, உலாவியின் மொழிபெயர்ப்பில் படியுங்கள். அந்தப் பெயருக்கே தீயணைப்புக் காவல் கோபுரம் என்றுதான் பொருள். அப்புறம், ரஷ்யப் பண்பாட்டு அமைச்சகத்தின் பாரம்பரியச் சின்னப் பதிவேட்டிலும் தேடிப் பாருங்கள். பகிர்ந்தவர்கள் பதிவைத் திருத்தினால் நல்லது.