திடலை விட்டு அனுப்பியது யாரை?

சனிக்கிழமை காலை நம் திடலில் பந்து ஆட வந்த முன்னாள் ராணுவத்தினரை, "பெர்மிட் இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியது எல்லாருக்கும் தெரியும், மறுபடி விவரிக்கவில்லை. ஆனால் நம் தாமான் (குடியிருப்பு) புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப்பில், ஒருவர் எழுதியது இரண்டு நாளாக உறுத்துகிறது: "வயசான காலத்துல எக்ஸ்-ஆர்மிக்குப் பந்து எதுக்கு? தண்ணீர்மலைப் பக்கம் போய் நடக்கலாமே."

நடக்கலாம். தனியாக நடப்பார்கள். அதுதான் பிரச்சினையே.

மலேசியாவில் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை போட்ட காலத்தில், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராகப் பேராக் எல்லைக் காட்டில் காவல் நின்ற ராணுவ வீரர் என் அப்பா. முன்னால் போனவரின் கால் கண்ணிவெடியில் போனதைப் பார்த்தவர். 1989 டிசம்பர் 2-இல் தாய்லாந்தின் ஹாட்யாயில் கம்யூனிஸ்டுகளோடு அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகி, நாட்டுக்குச் சண்டை முடிந்தது. அப்பாவுக்கு முடியவில்லை. இரவில் எழுந்து வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தீபாவளிப் பட்டாசு வெடித்தால் பின்னால் குசினியில் போய் உட்கார்ந்துகொள்வார். சொந்தக்காரர்கள் "குடிகாரர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

அவரை மீட்டது இந்தச் சனிக்கிழமைக் காற்பந்து. ஓடக்கூட மாட்டார்கள், பாதிப் பேர் நடந்தேதான் ஆடுவார்கள். ஆனால் ஒரு வாரம் அப்பா வராவிட்டால் ஏழு பத்துக்குப் போன் வரும். அடுத்த வாரமும் வராவிட்டால் இரண்டு பேர் மோட்டாரில் வந்து வாசலில் நிற்பார்கள். தேட ஆள் இருக்கிறது. நடக்கப் போகாதவரை யார் தேடுவார்?

"மனநல மருத்துவரைப் பார்க்கலாமே" என்பீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நான் கூட்டிப் போனபோது டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் "ஓகே டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். இரண்டாம் தடவை கோல்கீப்பர் அங்கிள் கூடப் போனார். அன்றைக்குத்தான் அப்பா வாய் திறந்தார்.

1948-இல் இங்கிலாந்தில் டாக்டர் லுட்விக் குட்மன், போரில் முதுகுத்தண்டு அடிபட்ட 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார். அது வளர்ந்துதான் பாராலிம்பிக். காயம்பட்ட ராணுவத்தினருக்காக 2014-இல் லண்டனில் தொடங்கிய இன்விக்டஸ் போட்டியில் சக்கர நாற்காலி ரக்பி உண்டு, உட்கார்ந்து ஆடும் கைப்பந்து உண்டு. அங்கே கூப்பிட்டு ஆட வைக்கிறார்கள். நாம் கேட்பது வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

பிள்ளைகளுக்கும் திடல் வேண்டும், சரி. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எந்தப் பிள்ளை வந்து நின்றது?

ஜூலை 31 வீரர் தினத்துக்கு இதே குழுவில் எத்தனை பூ, எத்தனை கொடி! அந்த அணியில் பல பேருக்கு ஓய்வூதியம் கிடையாது தெரியுமா? 21 வருடம் முடிக்காமல் வெளியே வந்தவர்கள், என் அப்பாவையும் சேர்த்து. ஒருவர் பாயான் லெப்பாஸில் இரவுக் காவல் வேலை முடித்து, தூங்காமல் நேராகத் திடலுக்கு வருகிறவர். அவரைப் பார்த்துத்தான் "பெர்மிட் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லைக் காட்டில் நின்றபோது யாரும் அவரிடம் பெர்மிட் கேட்கவில்லை.

அப்பா பூட்ஸைக் கழுவி, ஈரத்தோடு பையில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டார். நேற்று இரவு மறுபடி வாசல் பூட்டுச் சத்தம் கேட்டது.

வருகிற சனிக்கிழமை ஏழு மணிக்கு அவர்கள் ஆடலாமா, கூடாதா? தாமான் செயற்குழுவில் இருப்பவர்கள் இங்கேயே பதில் சொல்லுங்கள்.