சர்க்கரை இல்லை, சரி, மாவு?
கார்போவை (மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்தது) குறைத்துச் சாப்பிடுபவர்கள் கடையில் எதை வாங்கலாம் என்று சொல்லும் இந்தக் கட்டுரை, 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை என்று போட்டிருந்தால் தயங்காமல் கூடையில் போடலாம்' என்கிறது. அங்கேதான் நான் மூன்று மாதம் ஏமாந்தேன். அப்படி எழுதியிருந்த பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பினால், பொடி எழுத்தில் முதல் பொருளே கோதுமை மாவு, நாலாவது மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி. பெயரில்தான் சர்க்கரை இல்லை, ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் வெள்ளைச் சர்க்கரைக்கே அண்ணன் அது. சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டிகளில் மால்டிட்டால் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் அதன் பாதிப்பு பூஜ்யம் அல்ல. எரித்ரிட்டால் என்றால் கார்போ கணக்கில் கழித்துவிடலாம். அதோடு, 18 கிராம் கார்போ என்று போட்டிருந்தது 30 கிராமுக்கு. பாக்கெட்டோ 90 கிராம். மூன்றில் ஒரு பங்கோடு யார் நிறுத்துகிறார்கள்? நான் நிறுத்தியதில்லை. மேலே கருத்து எழுதிய ஒருவர், கடையில் காய்கறிப் பக்கத்தைத் தாண்டவே வேண்டாம் என்கிறார். மாவுச்சத்து நிறைந்த உருளைக்கிழங்கும் அங்கேதானே குவிந்து கிடக்கிறது!