ராமோஸுக்குச் சொல்லாமல் விட்ட தேதி

2021 ஜூன் 17. கால்பந்து வீரர் செர்ஜியோ ராமோஸ், தான் கேப்டனாக இருந்த ஸ்பெயின் கிளப் ரியல் மாட்ரிட்டிலிருந்து விடைபெற்ற நிகழ்ச்சியை முழுசாகப் பார்த்தேன். எதிரே மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. 16 வருடம், 671 ஆட்டம், 101 கோல். கோலைத் தடுக்க நிற்கும் ஒரு டிஃபெண்டர் அடித்த 101 கோல்! 2014-இல் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கோப்பை) இறுதிப் போட்டியில் 93-வது நிமிடத்தில் அவர் தலையால் முட்டிய அந்த ஒரு பந்து இல்லையென்றால் மாட்ரிட்டின் பத்தாவது ஐரோப்பியக் கோப்பையே கிடையாது.

அழுகை எல்லாம் முடிந்த பிறகு அவர் சொன்ன விஷயம்தான் இன்னும் எனக்கு ஆறவில்லை. கிளப் சம்பளத்தைக் குறைத்து ஒரு வருட ஒப்பந்த நீட்டிப்பு கொடுக்க முன்வந்தது. அவர் இரண்டு வருடம் கேட்டார். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் "சரி, ஒரு வருடமே போதும், அந்தச் சம்பளத்துக்கே ஒத்துக்கொள்கிறேன்" என்று இறங்கி வந்தபோது, அந்த வாய்ப்புக்கு ஒரு கெடு இருந்தது, அது முடிந்துபோய்விட்டது என்று பதில் வந்ததாம். கெடு இருப்பதாக யாருமே தன்னிடம் சொல்லவில்லை என்றார். பேசியது அவர் தரப்புதான், இருக்கட்டும். ஆனால் 16 வருடம் இருந்த கேப்டனுக்குத் தன் கடைசித் தேதி எது என்று தெரியாமல் போனது எந்தக் கணக்கில் சரி?

இதே மாட்ரிட், இதே கோடைக்காலம், இதே 35 வயது. மிட்ஃபீல்டர் லூகா மோட்ரிச்சுக்கும் ஒரு வருட நீட்டிப்புதான் கொடுத்தார்கள். அவர் மே மாதமே கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார். அடுத்த சீசனில் செல்சிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் காலிறுதி நினைவிருக்கிறதா? சொந்த மைதானத்தில் 0-3 என்று பின்தங்கி, வெளியேற இன்னும் பத்து நிமிடம்தான் பாக்கி. மோட்ரிச் வலது காலின் வெளிப்பக்கத்தால் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். அது மொத்த டிஃபென்ஸையும் தாண்டி வளைந்து போய் ரோட்ரிகோ கால் முன்னால் இறங்கியது. அவர் அதைத் தரையில் விழவே விடவில்லை, அப்படியே அடித்தார். அந்தச் சுற்றில் மாட்ரிட் தப்பியது, அந்த வருடம் கோப்பையும் வந்தது. அதற்குப் பிறகும் 2022, 2023, 2024 என்று வருடா வருடம் ஒவ்வொரு வருடமாக நீட்டித்துக்கொண்டே போனார். 39 வயது வரை அங்கே ஆடினார்.

அதனால் ஒரு வருட ஒப்பந்தம்தான் வில்லன் என்று யாராவது எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ராமோஸை விட்டது ஆட்டத்தின் கணக்கில் சரியான முடிவு. பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி அவருக்கு இரண்டு வருடம் கொடுத்தது. காயத்தால் நவம்பர் கடைசி வரை அவரால் ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. மாட்ரிட் அவர் இல்லாமலே அந்த சீசனில் ஸ்பெயின் லீகான லா லிகாவையும் சாம்பியன்ஸ் லீகையும் சேர்த்துத் தூக்கியது. முடிவு சரி. சொன்ன விதம்தான் தப்பு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முப்பது தாண்டியவருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்க கிளப்புகள் ஏன் பயப்படுகின்றன என்பது புரியாத விஷயம் இல்லை. 24 வயதுக்காரர் சரியாக ஆடவில்லை என்றால் விற்றுவிட்டு, போட்ட பணத்தில் பாதியையாவது எடுக்கலாம். 34 வயதுக்காரரை வாங்க ஆளே இருக்காது, சம்பளம் மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டே இருக்கும். இங்கிலாந்து கிளப் ஆர்சனல் 2020 செப்டம்பரில் தன் கேப்டன் ஔபமெயாங்குக்கு 31 வயதில் மூன்று வருடம் கொடுத்தது. எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டியில் இரண்டு கோல் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்த சூடு ஆறாத நேரம், எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். 2021 டிசம்பரில் கேப்டன் பதவி போனது. 2022 பிப்ரவரியில் ஒப்பந்தத்தையே பேசி முடித்து அனுப்பிவைத்தார்கள்.

அதே ஆர்சனலில் பயிற்சியாளர் வெங்கர் காலத்தில் ஒரு விதி இருந்தது: முப்பது தாண்டினால் ஒரு வருடம்தான். கறாரான விதி, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விதி. பெர்க்காம்ப் அதை ஏற்றுக்கொண்டு வருடா வருடம் கையெழுத்துப் போட்டு 2006-இல் அங்கேயே ஓய்வு பெற்றார். ராபர்ட் பிரெஸ் ஏற்கவில்லை. 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி நடந்தது பாரிஸில், அவருடைய சொந்த நாட்டில். 18-வது நிமிடத்தில் கோல்கீப்பர் லேமனுக்குச் சிவப்பு அட்டை. மாற்று கோல்கீப்பர் உள்ளே வர யாராவது ஒருவர் வெளியே போக வேண்டும், பலகையில் வந்தது பிரெஸின் எண். ஆர்சனலுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். இரண்டு வருடம் கொடுத்த வில்லாரியலுக்குப் போனார். இன்றைக்கும் எனக்கு அது வலிக்கிறது, ஆனால் கோபம் இல்லை. விதி என்ன என்று அவருக்கு முன்பே தெரியும், யோசித்து அவரே தேர்ந்தெடுத்தார்.

இத்தாலிய மிட்ஃபீல்டர் பிர்லோ கதையும் அப்படித்தான். முப்பது தாண்டியவருக்கு ஒரு வருடம்தான் என்றது ஏசி மிலன். 2011-இல் 32 வயதில் இலவசமாக யுவென்டஸுக்குப் போனார், அங்கே ஆடிய நான்கு சீசனிலும் லீக் பட்டம். இது மிலனின் கணிப்புத் தவறு. மிட்ஃபீல்டில் நின்ற இடத்திலிருந்தே பந்தை நாற்பது மீட்டர் அனுப்புகிறவரின் காலையும், ஓட்டத்தை நம்பி வாழும் விங்கரின் காலையும் ஒரே அளவுகோலால் அளந்த தவறு. அதற்கான விலையை மிலன்தான் கொடுத்தது, பிர்லோ கொடுக்கவில்லை.

கோல்கீப்பர் டி ஹியாவுக்கு நடந்ததைப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டில் 12 வருடம். 2022-23 சீசனில் 17 ஆட்டங்களில் கோல் விடாமல் இருந்து பிரீமியர் லீகின் சிறந்த கோல்கீப்பருக்கான கோல்டன் குளோவ் வாங்கினார். ஜூன் 30 அன்று ஒப்பந்தம் முடிகிறது. அவர் போகிறார் என்ற செய்தி வந்தது ஜூலை 8! ஒப்பந்தமே இல்லாத ஒருவர் தன் வேலை இருக்கிறதா இல்லையா என்று ஒரு வாரம் தொங்கிக்கொண்டிருந்தார். அதற்குள் பெரிய கிளப்புகளில் கோல்கீப்பர் இடங்கள் பெரும்பாலும் முடிவாகிவிடும். ஒரு முழு சீசன் கிளப் இல்லாமல் இருந்து, 2024 ஆகஸ்டில்தான் ஃபியோரென்டினாவில் சேர்ந்தார்.

இவர்களெல்லாம் கோடீஸ்வரர்கள், இவர்களுக்காக எதற்கு உருகுகிறாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் கவலை முக்கியமாக இவர்களைப் பற்றியது இல்லை. கீழ் டிவிஷன்களில் 33, 34 வயதில் ஆடுகிறவர்களை யாரும் பேசுவதில்லை. இங்கிலாந்தில் சீசன் முடிந்ததும் ஒவ்வொரு கிளப்பும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று ஒரு பட்டியல் வெளியிடும். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளி, அடுத்த வருடம் எந்த ஊரில் இருப்பது, எல்லாமே அந்த ஒரு பட்டியலில் தொங்கும். மார்ச்சில் முழங்கால் போனால் ஜூனில் ஒப்பந்தம் முடியும்போது யார் கூப்பிடுவார்கள்? இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. சில ஒப்பந்தங்களில் இத்தனை ஆட்டம் ஆடினால் தானாக ஒரு வருடம் நீளும் என்று ஷரத்து இருக்கும். அந்த எண்ணிக்கையை நெருங்கும்போது ஒருவர் காரணமே இல்லாமல் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தால், அவருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. அவருக்கே புரிந்துவிடும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வீரர் வேறு கிளப்போடு கையெழுத்துப் போடலாம். ஜூனில் முடியும் ஒப்பந்தம் என்றால் அந்தக் கதவு ஜனவரியில் திறக்கிறது. அதற்கு முன்பே, முப்பது தாண்டிய ஒவ்வொருவருக்கும் கிளப் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். உண்டு, எத்தனை வருடம், என்ன சம்பளம், எந்தத் தேதி வரை இந்த வாய்ப்பு. இல்லை என்றால் இல்லை. வேறு வழி தேட அவருக்கு அரை வருடமாவது கிடைக்கும். இது லீக் விதியாகவே வர வேண்டும், கிளப்பின் நல்ல மனசுக்கு விடக்கூடாது.

"இல்லை என்று சீசன் நடுவில் சொல்லிவிட்டால் அப்புறம் அவன் மனசு வைத்து ஆடுவானா?" இதைத்தான் எப்போதும் சொல்வார்கள். தாமஸ் முல்லர் பத்து வயதில் பேயர்ன் மியூனிக்கில் சேர்ந்தவர். 25 வருடம் கழித்து, 2025 ஏப்ரல் 5 அன்று, அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் கிடையாது என்ற செய்தி வந்தது. இது என் விருப்பப்படி நடந்தது இல்லை என்று அவரே வெளிப்படையாக எழுதினார். மூன்று நாள் கழித்து சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, மியூனிக்கில், எதிரே இன்டர் மிலன். பேயர்ன் 0-1 என்று பின்தங்கியிருக்கிறது. மாற்று வீரராக உள்ளே வந்தவர், 85-வது நிமிடத்தில் கோலுக்கு முன்னால், எப்போதும் நிற்கிற மாதிரி சரியான இடத்தில் நின்றார். பந்து வந்தது, உள்ளே தள்ளினார். அந்த நிமிடத்தில் ஆட்டம் 1-1.