அது ஊத்தை இல்லை

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. காசு சேர்க்கிற எங்கள் குழுவில் படம் போட்ட அந்த 1893ஆம் ஆண்டு விக்டோரியா இராணியின் இலங்கை 50 சத வெள்ளிக் காசைக் கழுவியதைப் பற்றித்தான் கதைக்கிறேன். கழுவ முன் எடுத்த படத்தையும் கழுவிய பின் எடுத்த படத்தையும் எல்லாரும் பார்த்தீர்கள். "ஊத்தையைக் கழுவிட்டுப் போடுங்க அண்ணா" என்று தொடக்கி வைத்தவரையும், கழுவிய பிறகு "சுப்பர், இப்பதான் காசு மாதிரி இருக்கு" என்று கை தட்டியவர்களையும் பார்த்தீர்கள். அதற்குக் கீழே நான் மரியாதையாக எழுதிய கொமென்டைக் குழு நடத்துகிறவர்கள் அழித்துவிட்டார்கள். ஆகவே என் பக்கத்திலேயே எழுதுகிறேன், நீளமாகவே.

அது ஊத்தை இல்லை. வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசியும் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. காசின் வெள்ளியே காற்றிலும் கடதாசியிலும் இருக்கும் கந்தகத்தோடு மெல்ல மெல்லச் சேர்ந்து வெள்ளி சல்பைட்டாக மாறிய படலம் அது. இப்படி நிறம் ஏறுவதைத்தான் டோனிங் என்கிறோம். அந்தப் படலத்துக்குள் இருப்பது அந்தக் காசின் வெள்ளிதான். படலத்தை எடுத்தால் அந்த வெள்ளியும் சேர்ந்தே போகும்.

கழுவ முன் எடுத்த அந்தப் படத்தை இன்னொரு தரம் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்போரம் கருநீலம். எழுத்து வரிசைக்குள் வரும்போது கத்தரிப்பூ நிறம். அதற்கும் உள்ளே செம்பழுப்பு, பிறகு வெளிறிய பொன். இராணியின் கன்னத்தில் மட்டும் வெள்ளி வெள்ளியாகவே நிற்கிறது. இந்த வரிசை தற்செயலாக வருவதில்லை. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியிலுள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதுவதால்தான் நிறம் தெரிகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும்: முதலில் பொன், பிறகு செம்பழுப்பு, ஊதா, கருநீலம், வெளிர்நீலம். அதற்குப் பிறகு இரண்டாம் சுற்றாக எலுமிச்சை மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை. கடைசியில் சாம்பலும் கறுப்பும். அல்பத்தின் அட்டையோ உறையோ விளிம்பைத்தான் முதலில் தொடும். ஆகவே விளிம்பில் படலம் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும். ஒரு நிறம் அடுத்ததற்குள் வழுக்கிக்கொண்டு போகும், நடுவில் எதுவும் விடுபடாது.

இயற்கையான டோனிங் கண்ணைப் பிடிப்பதற்கு முதல் காரணம் அந்த ஒழுங்கு. காரணம் தெரியாதவர்களின் கண்ணுக்கும் அந்த ஒழுங்கு பிடித்துப்போகும். செயற்கையாக நிறம் ஏற்றி விற்கிறவர்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். வெள்ளை வெளேரென்ற இடத்துக்குப் பக்கத்தில் பொன்னும் சிவப்பும் இல்லாமல் சடாரென்று நீலம் நின்றால் சந்தேகப்படுங்கள். வெளிர்பொன்னை ஒட்டிப் பச்சை வந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். பச்சை இரண்டாம் சுற்றில்தான் வரும், அதற்கு முன் பல நிறங்கள் கடந்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் லஸ்டர், அதாவது அச்சடித்த காசின் மினுக்கம். கொமென்ட் போட்டவர்களில் ஒருவர்கூட இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை விட்டுப்போகும். ஒரு பல்புக்குக் கீழே காசைச் சரித்துச் சுழற்றினால் ஒளிக்கற்றை ஒன்று காசைச் சுற்றி ஓடுவது அந்த வரிகளால்தான். நல்ல டோனிங் மெல்லியதாகவும் ஒளி புகக்கூடியதாகவும் இருப்பதால் அந்த ஓட்டம் நிறத்துக்கு அடியிலும் நிற்காது. சரிக்கும்போது நீலம் எரிந்து அணையும், பொன் எழும்பும். கந்தக மருந்தில் தோய்த்தோ சூடாக்கியோ அவசரமாக ஏற்றிய நிறம் அப்படி உயிரோடு அசையாது, மேலே மிதக்கிற மாதிரிக் கிடக்கும். தேய்த்துக் கெட்ட காசை மறைக்க நிறம் ஏற்றியிருந்தால், கீறல்களுக்குள் மட்டும் நிறம் கோடு கோடாக இறங்கியிருக்கும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும், தெரிந்துவிடும்.

மூன்றாவது, நிறம் உருவத்தோடு பொருந்தும் விதம். 1821ஆம் ஆண்டின் ஜோர்ஜ் மன்னர் ரிக்ஸ்டொலரை, யானை பொறித்த அந்தப் பழைய இலங்கை வெள்ளிக் காசைப் பாருங்கள். யானையைச் சுற்றியுள்ள வெற்றிடம் கறுத்து நீலமோடி, புழக்கத்தில் கைபட்ட யானையின் முதுகு மட்டும் வெளிறி நிற்கும்போது யானை காசை விட்டு எழும்பி வருகிறது. எங்கள் விக்டோரியா 50 சதத்தில் தாளிப்பனையின் ஓலைகளுக்கிடையே பொன் தங்கி, ஓலை நுனிகள் வெளிச்சமாக நிற்கும். கழுவினால் எல்லாம் ஒரே வெள்ளை, ஓலையும் வெற்றிடமும் ஒன்றாகிவிடும். கழுவிய பின் எடுத்த படத்தில் பனையைத் தேடிப் பாருங்கள்.

எல்லாக் காசிலும் ஒரே அழகை எதிர்பார்க்கவும் கூடாது. 1917 வரையான 50 சதத்தில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி. 1919இலிருந்து வந்த வெள்ளி 50 சதத்தில் 550 பங்குதான், செம்பு அதிகம். அதில் பெரும்பாலும் பழுப்பும் சாம்பலும்தான் வரும். 1957ஆம் ஆண்டின் புத்த ஜயந்தி 5 ரூபாவில் 925 பங்கு வெள்ளி. அது பெரிய காசும்கூட, நிறம் பரவ இடம் தாராளம்.

இனி எனக்கு வந்த பதில்கள்.

"டிப் பண்ணினா ஊத்தை மட்டும்தான் போகும், காசுக்கு ஒன்றும் ஆகாது." பிழை. டிப் என்று விற்பது அமிலம் கலந்த தயோயூரியா. சில வினாடியில் சல்பைட்டைக் கரைத்துவிடும். அந்த சல்பைட்டுக்குள் இருந்தது காசின் வெள்ளி என்று மேலேயே சொன்னேன். ஒவ்வொரு தோய்ப்பிலும் அந்த நுண்ணிய வரிகள் மழுங்கும். இரண்டு மூன்று கை மாறி, ஒவ்வொருவரும் ஒருமுறை தோய்த்தால் ஒளிச்சுழல் செத்துப்போய், சுண்ணாம்பு பூசின வெள்ளைதான் மிச்சம். சரியாக அலசாவிட்டால் சில மாதத்தில் பழுப்புப் புள்ளிகளும் கிளம்பும்.

"அலுமினியத் தாளும் சோடாவும் சுடுதண்ணியும் போட்டா வெள்ளி திரும்பி வந்திடும்." இதைச் சொன்னவருக்கு இரசாயனம் தெரிந்திருக்கிறது, அது எனக்குச் சந்தோஷம். சல்பைட் மீண்டும் வெள்ளியாவது உண்மைதான். ஆனால் அச்சு அடித்த அதே மேற்பரப்பாகத் திரும்பாது. மங்கலாக, துளைத்துளையாகப் படியும். அந்த நுண்ணிய வரிகள் போனது போனதுதான்.

"வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குகிறோமே, காசு மட்டும் என்ன உசத்தி?" விளக்கு வார்த்த பித்தளை, மில்லிமீற்றர் கணக்கில் தடிப்பு. ஏற்றுவதற்காகவே இருக்கிறது, விளக்கத்தான் வேண்டும். காசில் இராணியின் தலைமுடி ஒரு மயிரிழை உயரம்கூட வராது. புளி, திருநீறு, பற்பசை எது போட்டுத் தேய்த்தாலும் மெல்லிய கோடுகள் விழும். அந்தக் கோடுகளை எந்த மருந்தும் எடுக்காது.

"டோனிங்கும் ஒரு வகைக் கெடுதல்தானே?" ஆமாம், இரசாயனப்படி அதுதான். திட்டுத்திட்டாகக் கறுத்துத் தடித்த காசு அசிங்கம்தான், படலம் அந்த அளவுக்குப் போனால் மேற்பரப்பையும் தின்றுவிடும். அதை அழகு என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. செம்பில் மாவுபோல உதிரும் பச்சை வந்தால் விட்டுவைக்கவே கூடாது. ஆனால் அந்த 50 சதத்தில் இவற்றில் எது இருந்தது? எதுவுமே இல்லை.

"வெள்ளைக்கு விலை கூட" என்கிறார்கள். அச்சிலிருந்து வந்தபடி வெள்ளையாகத் தப்பின காசுக்கு விலை கூடத்தான். தோய்த்த வெள்ளைக்கு இல்லை. காசைப் பார்த்துத் தரம் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் என்.ஜி.சி கண்ணைக் கவரும் காசுக்குத் தரத்தோடு ஒரு நட்சத்திரமும் போடுகிறது. பி.சி.ஜி.எஸ், கழுவியதென்று கண்டாலும் செயற்கை நிறமென்று சந்தேகித்தாலும் வழமையான இலக்கத் தரத்தைக் கொடுப்பதில்லை. கழுவுகிறவரும் நிறம் பூசுகிறவரும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். கொழும்பின் ஈரக்காற்றில் நூற்று முப்பது வருஷம் கிடந்த காசு பளிச்சென்று வெள்ளையாக இருந்தால், எப்படி என்று கேளுங்கள்.

"வெள்ளைக்காரன் ரசனையை இங்கே திணிக்காதே" என்றும் ஒருவர் எழுதினார். எனக்கு வலித்தது இதுதான். யாழ்ப்பாண அரசர்களின் நந்தி பொறித்த செம்புச் சேது நாணயங்களை வைத்திருக்கும் எவரையும் கேளுங்கள். நந்திக்குக் கீழே கரும்பழுப்பு இறுகிப்போன காசை விட்டுவிட்டு, எலுமிச்சங்காய் போட்டுத் தேய்த்து ரோஸ் நிறமாக்கியதை எடுப்பாரா? இது எங்கள் கையில் வளர்ந்த ரசனை. யாரிடமும் கடன் வாங்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஐயா இருந்தார். ஒவ்வொரு வெள்ளிக் காசையும் தனித்தனிப் பழுப்புக் கடித உறையில் போட்டு, மேலே பென்சிலால் ஆண்டை எழுதி வைத்திருந்தார். உறையில் சாய்ந்து கிடந்த பக்கம் மட்டும் நீலமும் ஊதாவுமாக, மறுபக்கம் வெளிர்பொன்னாக. அவர் காலமானதும் யாரோ பிள்ளைகளிடம் "பொலிஷ் பண்ணினா நல்ல விலை போகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். மெசினில் பிடித்து மினுக்கி எடுத்தார்கள். இராணியின் காது இருந்த இடம் வழுவழுவென்று கிடந்தது. கடைசியில் எடைக்கு விற்றார்கள். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்குத் தெரியாது. ஆனால் காசு சேர்க்கிறோம் என்று குழு நடத்துகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி "இதை என்ன செய்யட்டும்" என்று நம்பிக் கேட்டால், பொறுப்பாகப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவன் சொன்னதை அழிக்கத்தான் தெரிகிறது.

அந்தத் தம்பிக்கும், இன்பொக்ஸில் கேட்ட மற்றவர்களுக்கும்: பச்சைப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தால் அது மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையால் வந்தது. கலப்பில்லாத அசிட்டோன் வாங்குங்கள், நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் இருக்கும். நெருப்பு இல்லாத, காற்றோட்டமான இடத்தில், கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்க ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். தேய்க்க வேண்டாம். புது அசிட்டோனில் இன்னொரு தரம் அலசித் தானாகக் காய விடுங்கள். டோனிங்கை அசிட்டோன் தொடாது. பிறகு பிவிசி இல்லாத மைலார் (பொலியெஸ்டர்) உறையில் போட்டு, இறுக மூடும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லை மாற்ற மறக்க வேண்டாம், இங்கே கடற்காற்று. ரப்பர் பாண்ட் போடவே வேண்டாம், அதிலுள்ள கந்தகம் கறுப்புக் கோடு கீறிவிடும். விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

படம் எடுக்கும்போது பிளாஷை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு பல்பை மேலே பக்கவாட்டில் வைத்துக் காசைக் கொஞ்சம் சரித்து எடுங்கள். அந்த 50 சதத்தின் நிறம் பாதிப் பேருக்குத் தெரியாமல் போனதற்குப் பிளாஷும் ஒரு காரணம். சந்தேகம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், எந்த நேரமென்றாலும் பார்த்துச் சொல்கிறேன். கழுவ முன் அனுப்புங்கள்.