பெட்டியில் போட்ட தூரத்தை நம்பாதீர்கள்
வயர்லெஸ் இறைச்சி வெப்பமானி (இறைச்சியில் செருகினால் உள்சூட்டைப் போனில் காட்டும் கம்பி) வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது அதன் அலை எத்தனை மீட்டர் எட்டும் என்பதுதான் என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தூரமெல்லாம் தடையில்லாத வெட்டவெளிக் கணக்கு. கிரில்லின் உலோக மூடியைச் சாத்தியதுமே புளூடூத் அலை அடங்கிவிடும், நடுவில் ஒரு சுவரும் வந்தால் கேட்கவே வேண்டாம். என்னுடையதில் 50 மீட்டர் என்று போட்டிருந்தது; மூடியைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனாலே போனில் இணைப்பு அறுந்துவிடுகிறது. சார்ஜ் செய்யும் பெட்டியே அலையை வாங்கிக் கடத்தும் மாடல் என்றால் அதை கிரில்லுக்குப் பக்கத்தில் வைத்துச் சமாளிக்கலாம், சரி. ஆனால் நான் முதலில் பார்ப்பது கம்பி எவ்வளவு சூடு தாங்கும் என்பதைத்தான். பல மாடல்களில் இறைச்சிக்குள் போகும் பகுதி ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும், பேட்டரியும் சிப்பும் அங்கேதான் இருக்கின்றன. இறைச்சிக்குள் அவ்வளவு சூடு ஏறாது, அதனால் கம்பியில் கோடு போட்ட இடம்வரை உள்ளே செருகியாக வேண்டும். மெல்லிய துண்டுக்கு இது ஒத்துவராது. என் முதல் கம்பியைப் பாதி வெளியே நீட்டவிட்டு நானே கருக்கினேன். அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், கோழி வெந்ததற்கான 74 டிகிரியைக் காட்டியும் உள்ளே சிவப்பாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். நிறத்தை வைத்து முடிவுகட்ட முடியாது, எலும்போரம் வெந்த பிறகும் சிவந்திருக்கும். முனை எலும்பில் படாமல், தடித்த சதையின் நடுவில் இருந்ததா என்று பாருங்கள். அப்படியும் சந்தேகம் என்றால் ஐஸ் நிறைந்த தண்ணீரில் முக்கிப் பாருங்கள், 0 காட்ட வேண்டும்.