தட்டில் இருப்பது வேறு, ரத்தத்தில் சேர்வது வேறு

சத்து கூட்டிய பயிர்களைப் பற்றிய சண்டை எப்போதும் ஒரே எண்ணைச் சுற்றித்தான் நடக்கிறது. ஒரு கிராம் தானியத்தில் எத்தனை மைக்ரோகிராம் சத்து? ஆதரிப்பவர்களும் அதைத்தான் நீட்டுகிறார்கள், எதிர்ப்பவர்களும் அதைத்தான் தூக்கி அடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த எண் பாதி விஷயம்கூட இல்லை. சேமிப்பு, பானை, எண்ணெய், பித்தநீர், குடல், கல்லீரல் என்று வழியெங்கும் சுங்கச்சாவடி. எல்லாவற்றையும் தாண்டி மிஞ்சுவதுதான் கணக்கு.

ஆலையில் வைட்டமின் பொடி கலக்கும் அரிசியையும் மாவையும் பற்றி நான் இங்கே பேசவில்லை. செடியே தன் விதையிலோ கிழங்கிலோ சத்தைச் சேர்த்துவைக்கும்படி உருவாக்கிய பயிர்கள்தான் விஷயம்: ஆரஞ்சு சர்க்கரைவள்ளி, ஆரஞ்சு மக்காச்சோளம், மஞ்சள் மரவள்ளி, மரபணு மாற்றிய தங்க அரிசி. இவற்றில் எதிலும் வைட்டமின் ஏ கிடையாது. இருப்பது பீட்டா கரோட்டினும் அதன் உறவுக்காரர்களும். அதை வைட்டமினாக மாற்றுவது நம் உடம்பின் வேலை.

நிறத்தை நம்பவும் முடியாது. சாதாரண மஞ்சள் மக்காச்சோளத்தின் மஞ்சளில் பெரும்பகுதி லூட்டீன், ஸியாசாந்தின் என்ற நிறமிகள்தான். கண்ணுக்கு நல்லவை, ஆனால் வைட்டமின் ஏ ஆகாதவை. வைட்டமின் ஏ ஆகக்கூடிய கரோட்டினில் ஆரஞ்சு மக்காச்சோளத்துக்கு வைத்த இலக்கு கிராமுக்கு 15 மைக்ரோகிராம். சாதாரண மஞ்சள் ரகங்களில் பெரும்பாலும் 2-ஐத் தாண்டாது.

இனி உள்ளே நடப்பது. பீட்டா கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். செடியின் செல்லுக்குள் அது எப்படி அடைபட்டிருக்கிறது என்பது முதல் தடை. கீரையில் பச்சையத்தோடு சேர்ந்து புரதப் பின்னலுக்குள் சிக்கியிருக்கும். கேரட்டில் படிகமாக உறைந்திருக்கும். தங்க அரிசியில் மாவுச்சத்துக்கு நடுவே இருப்பதால், மாவு செரித்ததும் சுலபமாக விடுபடும். வெளியே வந்த கரோட்டின், பித்தநீரும் கணையநீரும் சேர்ந்து கொழுப்பை உடைக்கும்போது உருவாகும் மைசெல் என்ற நுண்துளிகளில் ஏற வேண்டும். சாப்பாட்டில் கொழுப்பே இல்லையென்றால் ஏறுவதற்கு வண்டியே இல்லை. அது அப்படியே குடலைக் கடந்து மலத்தோடு போய்விடும். வேளைக்கு 3 முதல் 5 கிராம் கொழுப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி எண்ணெய், பொதுவாகப் போதும்.

குடல் செல்லுக்குள் நுழைந்ததும் பிசிஓ1 என்ற நொதி அதைச் சரிபாதியாக வெட்டுகிறது. காகிதக் கணக்கில் 1 மைக்ரோகிராம் கரோட்டினுக்கு ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ, வரவேண்டும். நடைமுறையில் வருவதில்லை. கலப்பு உணவுக்கு அமெரிக்க அளவுகோலில் பயன்படும் விகிதம் 12-க்கு 1, அதாவது 12 மைக்ரோகிராம் கரோட்டின் சாப்பிட்டால் 1 மைக்ரோகிராம் ரெட்டினால். எண்ணெயில் கரைத்த தூய பீட்டா கரோட்டினுக்கு 2-க்கு 1. பயிர்வாரியாகப் பார்த்தால் வங்கதேச ஆய்வொன்றில் சர்க்கரைவள்ளிக்கு 13-க்கு 1. மக்காச்சோளக் கஞ்சிக்கு ஓர் ஆய்வில் 6.5-க்கு 1, ஜிம்பாப்வே ஆண்களிடம் செய்த இன்னொன்றில் 3.2-க்கு 1, தங்க அரிசிக்கு 3.8-க்கு 1. ஒரே தானியத்துக்கே இரண்டு மடங்கு வித்தியாசம் வருகிறது, பாருங்கள். இந்த விகிதம் பயிரின் குணம் மட்டுமல்ல. சாப்பிட்டவரின் குணமும், கூடச் சாப்பிட்டதன் குணமும்.

இதை எப்படி அளக்கிறார்கள் என்பது அழகான வேலை. தங்க அரிசி ஆய்வில் (2009) நெல்லை கனநீர், அதாவது எடை கூடிய ஹைட்ரஜன் கொண்ட நீர், கலந்த நீரில் வளர்த்தார்கள். அதனால் அதன் கரோட்டின் சாதாரண கரோட்டினைவிட எடை கூடியது. அதைச் சாப்பிட்டவர் ரத்தத்தில் தோன்றும் எடை கூடிய ரெட்டினால் அந்தச் சோற்றிலிருந்துதான் வந்தது என்று எடையைப் பிரித்தறியும் நிறை நிறமாலைமானி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மறக்கக் கூடாத ஒன்று: அதில் பங்கேற்றவர்கள் 5 பேர், எல்லோரும் ஆரோக்கியமான அமெரிக்கப் பெரியவர்கள், சோற்றோடு வெண்ணெயும் உண்டு. சீனக் குழந்தைகளிடம் செய்த அடுத்த ஆய்வில் 2.3-க்கு 1 வந்தது. பெற்றோருக்கு முழு விவரம் சொல்லி ஒப்புதல் பெறவில்லை என்பதால் அந்தக் கட்டுரை 2015-இல் திரும்பப் பெறப்பட்டது. நெறிமுறையில் காட்டிய அலட்சியம் ஒரு நல்ல கேள்வியின் பதிலையே கெடுத்துவிட்டது என்பது என் வருத்தம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆரஞ்சு மக்காச்சோள மாவு 100 கிராம், கிராமுக்கு 15 வீதம் 1500 மைக்ரோகிராம். சேமிப்பிலும் சமையலிலும் பாதி போனதாக வைத்துக்கொண்டால் 750. 6-க்கு 1 என்றால் 125 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. 12-க்கு 1 என்றால் 62 சொச்சம். 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு அமெரிக்க அளவுகோலில் நாளுக்குப் பரிந்துரைப்பது 300. ஆக, உருப்படியான பங்கு உண்டு, முழுத் தேவையும் தீராது. 'ஒரு கிண்ணத்தில் நாள் முழுக்கத் தேவையான சத்து' என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அறுவடை நாள் எண்ணை வைத்து எழுதுகிறார்கள்.

அந்தப் பாதி எங்கே போகிறது? காற்றும் வெளிச்சமும் சூடும் கரோட்டினைத் தின்கின்றன. மாவாக அரைத்து வைத்தால் இழப்பு வேகமாகும். முழுத் தானியமாக வைத்து, வேண்டும்போது அரைப்பது நல்லது. கிழங்கைச் சீவி வெயிலில் காயவைப்பதைவிட நிழலில் காயவைப்பது மேல். ஆனால் காய்ந்த வற்றலை மாதக்கணக்கில் வைத்திருந்தால், உலர்த்தும்போது போனதைவிட வைத்திருக்கும்போது போவதுதான் அதிகம். கிழங்கைத் தோலோடு, மூடிபோட்டு வேகவைத்தால் பெரும்பகுதி தங்கும். ஃபோலேட் கூட்டிய பயிர் என்றால் எதிரி வேறு: அது தண்ணீரில் கரையும், வடித்த கஞ்சியோடு போய்விடும். இரும்பு கூட்டிய பயிருக்கு எதிரி ஃபைட்டேட், இரும்பைப் பிடித்துவைத்து உறிஞ்சவிடாத ஒரு விதைப்பொருள். அங்கே ஊறவைப்பதும் முளைகட்டுவதும் உதவும். கரோட்டினுக்கு ஃபைட்டேட் பெரிய பொருட்டே இல்லை. இந்த மூன்றையும் குழப்பி ஒரே சமையல் குறிப்பு தருபவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

உடம்பின் பக்கமும் பலவீனம் உண்டு. குடல் புழு, ஓயாத வயிற்றுப்போக்கு இருந்தால் உறிஞ்சுவது குறையும். சிலருக்கு மரபிலேயே பிசிஓ1 மந்தமாக வேலைசெய்யும். எதிர்ப்பக்கம், உடம்பில் வைட்டமின் ஏ கையிருப்பு நிறைந்திருந்தால் குடலே கதவைச் சாத்தி வெட்டும் வேலையையும் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் கரோட்டின் எவ்வளவு சாப்பிட்டாலும் வைட்டமின் ஏ நஞ்சாவதில்லை. அதிகபட்சம் உள்ளங்கை மஞ்சளாகும். மாத்திரையில் வரும் ரெட்டினாலுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

கடைசியாக, 'ரத்தப் பரிசோதனையில் எதுவும் கூடவில்லை, எனவே பயிர் தோல்வி' என்ற வாதம். ரத்த ரெட்டினாலைக் கல்லீரல் ஒரே அளவில் பிடித்துவைக்கும். கையிருப்பு ஏறினாலும் அது பெரிதாக ஏறாது. காய்ச்சலோ தொற்றோ வந்தால், கையிருப்பு இருக்கும்போதே இறங்கும். ஜாம்பியாவில் ஆரஞ்சு மக்காச்சோளம் சாப்பிட்ட குழந்தைகளிடம் ஐசோடோப்பு முறையில் (தங்க அரிசி ஆய்வைப் போல எடை மாறிய அணுக்களை அடையாளமாக வைத்து) அளந்தபோது உடம்பின் மொத்த இருப்பு கூடியிருந்தது. அங்கேயே நடந்த வேறொரு பெரிய ஆய்வில் ரத்த ரெட்டினால் அசையவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே குறைபாட்டின் விளிம்பில் இருந்த குழந்தைகளை இருட்டில் வைத்து ஒளி காட்டியபோது, அவர்களின் கண்பாவை சாதாரண வெள்ளை மக்காச்சோளம் சாப்பிட்ட குழந்தைகளுடையதைவிட நன்றாகச் சுருங்கியது. ரத்த எண் அசையாவிட்டாலும் சத்து வேலைசெய்திருக்கிறது.